கால் பின்னுது

தவசியின் கால் எகிறியதில் பெனிஷாவின் டீ டம்ளர் கவிழ்ந்தது. டம்ளரை ஸ்டூல் ஓரத்தில் வைத்தது அவள் தப்புதான். ஆனாலும் முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டியதற்கு ஒரு கால் இந்த உதை உதைக்கக் கூடாது. டீ தரையில் ஓடி, சுவரோரம் கிடந்த மணல் மூட்டைகளுக்கு அடியில் போய்ப் புகுந்தது. தவசி பதறிப்போய்க் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார்.

"ஐயையோ தாயி, நான் வேணும்னு செய்யல. அதுவா எந்திரிச்சிருச்சு."

"தெரியும்ணே. அப்படியே உக்காருங்க."

பெனிஷா டீயைத் துடைக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். இன்னொரு உதை. மற்ற காலில் தட்டினாள். அது முந்தினதைவிட வேகமாக எழுந்தது. பாதத்தைக் கையில் ஏந்தி வெடுக்கென்று மேல்நோக்கித் தள்ளினாள். அவள் உள்ளங்கையில் அது தையல் மெஷின் மிதி மாதிரி டக்டக்கென்று தானாகத் துடித்தது, நிற்கவே இல்லை. அவள் மேஜையிலிருந்த சீட்டை எடுத்து மறுபடி படித்தாள்.

அவர் கொண்டுவந்திருந்த சீட்டு அது. மூன்று வாரத்துக்கு முன்னால் எலும்பு டாக்டர் தங்கப்பாண்டியன் எழுதி அனுப்பியது. குடியால் வந்த நரம்புத் தளர்ச்சி, உடற்பயிற்சி தேவை என்று ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியை நம்பி அவளும் மூன்று வாரமாகக் காலைத் தூக்கு, காலை இறக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். குடியில் கெட்ட நரம்பு சோர்ந்து கிடக்கும். சுத்தியலால் தட்டினால் அசையாது. படித்த முதல் வருஷத்திலேயே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம் அது. அப்படியிருக்க ஒரு தடவையாவது தட்டிப் பார்த்தோமா என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கும் சாமான் அறைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய அறை. பிசியோதெரபிஸ்ட் என்கிற பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அவள் எக்சைஸ் டீச்சர். எக்சைஸ் என்றால் சாராயக் கேஸ் பிடிக்கிற இலாகா என்று நினைத்துக்கொண்டு, முதுகுவலிக்கு வந்த ஒருவர் வாசலோடு திரும்பிப் போன கதையும் உண்டு. வந்த புதிதில் பெனிஷாவுக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஜனங்களின் வலிகளைவிட அவர்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயர்கள்தான் பெரும் பாடாக இருந்தன. இத்தனைக்கும் அவளும் இங்கேயே, ராயப்பன்பட்டியில் பிறந்து வளர்ந்தவள்தான். கல்லூரிக்குப் போய் நாலு வருஷம் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர் படித்ததில் வீட்டு வார்த்தைகள் எங்கோ ஒதுங்கிவிட்டன. ராத்திரி கை குடையுது, உதறினா சரியாப் போகுது என்று ஒரு பெண் சொன்னால் மணிக்கட்டில் நரம்பு நெருங்கியிருக்கிறது. கை பின்னால போக மாட்டேங்குது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல, வாயு பிடிச்சுக்கிச்சு என்றால் தோள்மூட்டு இறுகிவிட்டது. காலையில எந்திரிச்சுக் கால ஊன்றப்ப ஆணி குத்துது, நடந்தா விட்டுருது என்றால் குதிகால். மதமதப்பு வேறு, விறுவிறுப்பு வேறு, கடுப்பு வேறு. ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி வைத்து ஆறு வருஷத்தில் ஓர் அகராதியே தேற்றிவிட்டாள். இன்று காலையில் அந்த அகராதியில் இல்லாத ஒரு வார்த்தை வந்து விழுந்தது.

தவசி இதுவரை தனியாகத்தான் வந்து போயிருந்தார். வாயைத் திறக்கிற ஆள் இல்லை. இன்று அவர் மனைவி நாகஜோதியும் வயர்கூடையோடு கூட வந்திருந்தாள். எப்படிண்ணே இருக்கு என்று பெனிஷா வழக்கம்போலக் கேட்க, தவசி வழக்கத்துக்கு மாறாகப் பதில் சொன்னார்.

"நடந்தா கால் பின்னுது தாயி."

"பின்னாம என்ன செய்யும்?" நாகஜோதி வாசலில் நின்றபடியே வெடித்தாள். "எங்கனயோ போயி ஊத்திக்கிட்டு வந்தா பின்னத்தான் செய்யும். வீரபாண்டியில ஆத்தா சந்நிதியில நின்னு, இனித் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கயிறு கட்டுனாக டீச்சர். ரெண்டு வருசம் ஆச்சு. ஊரே மெச்சுச்சு. இப்ப அதே ஊரு காறித் துப்புது."

பின்னுது. பெனிஷா அந்த வார்த்தையை ஒரு கணம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். குடிகாரன் கால் பின்னும், வாஸ்தவம். ஆனால் குடிகாரனுடைய கால் தளர்ந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும். தவசியை அந்த அறையில் குறுக்கே நடக்கச் சொல்லிப் பார்த்தாள். மூன்று வாரமாகப் பார்த்த நடைதான். இன்றைக்குத்தான் கண் திறந்து பார்த்தாள். இரண்டு காலும் விறைப்பாக, முழங்கால் முழங்காலை உரசி, ஒரு பாதம் மற்றதன் முன்னால் குறுக்கே வந்து விழுந்தது. பாடப்புத்தகத்தில் இதற்குக் கத்தரி நடை என்று பெயர். அதற்குப் பிறகுதான் சுத்தியலை எடுத்தாள், டீ கவிழ்ந்தது.

"அண்ணே, என்ன வேலை பாக்குறீங்க?" என்று இப்போதுதான் கேட்டாள். அதைக்கூட இத்தனை நாள் கேட்கவில்லை.

"ஓடைப்பட்டியில திராட்சத் தோட்டம். கவாத்து ஆளு."

"எத்தன வருஷமா?"

"அது ஆச்சு இருவத்தஞ்சு."

இருபத்தைந்து வருஷம். ஆள் உயரப் பந்தலுக்கு அடியில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொடியை வெட்டுகிற வேலை. பெனிஷாவின் கண் அவருடைய காலை விட்டு மெல்ல ஏறிக் கழுத்தில் போய் நின்றது.

நாகஜோதி நிறுத்தவில்லை. குற்றப்பத்திரிகையை வரிசையாக வாசித்தாள். போன வருஷம் மட்டும் மூன்று ஜோடிச் செருப்பு தொலைத்திருக்கிறார். வழியில் எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியாதாம். சுய நினைவோடு நடக்கிற மனுஷனுக்குக் காலில் செருப்பு இல்லாதது தெரியாதா? சட்டையில் எப்போதும் புளித்த வாடை. கேட்டால் பந்தலுக்கடியில் உதிர்ந்து நொதித்த பழத்தின் வாடை என்கிறார். கவாத்துக் கத்தரி கையிலிருந்து நழுவி ஒரு பெண்ணின் காலடியில் விழ, குடித்துவிட்டுப் பந்தலுக்குள் நுழையாதே என்று கூலி ஆட்களை நடத்துகிற ஈஸ்வரபாண்டி ஆளை நிறுத்திவிட்டான். எல்லாவற்றுக்கும் சிகரமாகச் சித்திரைத் திருவிழா. அம்மன் சந்நிதிக்கு முன்னால் நட்ட கம்பத்துக்கு முல்லையாற்றுத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றுவது எல்லோரும் செய்கிற நேர்த்தி. அத்தனை ஜனம் பார்க்கத் தவசி கால் பின்னித் தடுமாறினார். குடம் கையிலிருந்து நழுவி ஒரு குழந்தையின் மேல் விழாத குறையாக உருண்டது. ஆத்தா சந்நிதிக்கே குடித்துவிட்டு வந்துவிட்டான் என்றது ஊர். இவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"சரி, குடிக்கலன்னா சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கன்னேன் டீச்சர். பண்ண மாட்டேங்கிறாக. கோயில் பக்கமே வர மாட்டேங்கிறாக. மடியில கனம் இல்லாட்டி எதுக்குப் பயப்படணும்?"

தவசி தரையில் காய்ந்துகொண்டிருந்த டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயசு ஆள். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம். குடிக்காதவன் குடிக்கவில்லை என்று எப்படித்தான் நிரூபிப்பான்?

"அண்ணே, கையைக் காட்டுங்க. நான் பத்து எண்ணுற வரைக்கும் எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா மூடி மூடித் திறங்க."

சாதாரணக் கை பத்து நொடியில் இருபது தடவை மூடித் திறக்கும். தவசி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். விரல்கள் மூடின, திறக்கத்தான் மனமில்லாமல் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. எட்டு. பெனிஷா அவர் வலது கையைத் தன் கையில் தளர்வாக வாங்கி, நடுவிரலின் நகத்தைக் கீழ்நோக்கிச் சுண்டினாள். தொடாத பெருவிரல் வெடுக்கென்று உள்நோக்கி மடங்கியது. இடது கையிலும் அப்படியே. அவளுக்கு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"தலையை நல்லாக் குனிஞ்சா முதுகு வழியா ஏதாச்சும் செய்யுதாண்ணே? கரண்டு அடிச்ச மாதிரி?"

தவசி நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நாகஜோதியின் பக்கம் திரும்பி, "நீ செத்த வெளியில இரு" என்றார். அவர் குரலில் என்ன இருந்ததோ, நாகஜோதி வயர்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அது எப்படித் தெரியும் தாயி உனக்கு?"

"சொல்லுங்கண்ணே."

"எனக்கும் அந்த ஆத்தாளுக்கும் மட்டுந்தான் தெரியும் அது. திருநீறு வாங்கத் தலையக் குனிஞ்சா போதும். பொடனியில இருந்து கால் நுனி வரைக்கும் சுரீர்னு அடிப்பா. நிமிந்தா விட்டுருவா. மறுபடி குனிஞ்சா மறுபடி அடி. ஒரு வருசமா." வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவ தாயி. கயிறு கட்டி மூணு மாசத்துல, மச்சினன் செத்த வீட்டுல, அரை டம்ளரு. அவளுக்கே தெரியாது. ஆத்தாளுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தக் கையால எப்படிச் சூடம் அடிக்க? குனிஞ்சா அடிக்கிறாளே!"

பெனிஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, இரண்டையும் அடக்கிக்கொண்டாள். அரை டம்ளருக்கு ஒரு வருஷம் தண்டனையா? எந்த ஆத்தாள் இத்தனை கணக்குப் பார்ப்பாள்? மாதாவும் பார்க்க மாட்டாள், மாரியும் பார்க்க மாட்டாள்.

"ஆத்தா அடிக்கலண்ணே. உங்க கழுத்து அடிக்குது. கழுத்தெலும்புக்குள்ள கைக்கும் காலுக்கும் போற நரம்பெல்லாம் ஒரே கத்தையாப் போகும். இருவத்தஞ்சு வருஷம் அண்ணாந்து பாத்ததுல அங்கன எலும்பும் வட்டும் தேஞ்சு பிதுங்கி அந்தக் கத்தைய நசுக்குது. குனிஞ்சா இன்னும் நசுங்கும், அதான் ஷாக்கு. கால் பின்னுறதும் அதுதான், கத்தரி நழுவுறதும் அதுதான், செருப்பு கழண்டது தெரியாததும் அதுதான். குடிச்சா இப்படி வராது. இந்தக் கால் குடிச்ச காலே இல்ல."

தவசி துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சந்தோஷப்பட நேரமில்லை என்பது பெனிஷாவுக்குத் தெரியும். இப்படியே விட்டால் சின்னதாக ஒரு தடுக்கல், பஸ்ஸில் ஒரு குலுக்கல் போதும், கழுத்துக்குக் கீழே மொத்தமும் போய்விடலாம். அலமாரியிலிருந்த கழுத்துப்பட்டையை எடுத்து அவருக்கு மாட்டினாள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து டாக்டரின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னாலேயே நாகஜோதி என்ன டீச்சர், என்னாச்சு டீச்சர் என்று ஓடிவந்தாள். டாக்டர் எழுதிய சீட்டைத் திருத்தப் போகிற எக்சைஸ் டீச்சருக்குத் தன் வாயை ஒத்திகை பார்க்கவே நேரம் போதவில்லை. அவள் ஒப்பந்த வேலைக்காரி. இதுவரை டாக்டர் தங்கப்பாண்டியனிடம் சரி சார் என்பதைத் தவிர வேறு பேசியதில்லை.

தங்கப்பாண்டியன் கெட்டவர் இல்லை. மத்தியானத்துக்குள் நூற்றிருபது பேரைப் பார்த்தாக வேண்டியவர், அவ்வளவுதான். தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"சார், நீங்க அனுப்பின பேஷன்ட். இவரோட நடுவிரலை மட்டும் ஒருதரம் பாருங்க சார்."

"விரலா? இவருக்குக் கால்தானே கம்ப்ளெயின்ட்?"

"ஆமா சார். அதான் விரலைப் பார்க்கச் சொல்றேன்."

பேனாவை வைத்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்பதுபோல அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, தவசியின் கையை வாங்கி நகத்தைச் சுண்டினார். பெருவிரல் மடங்கியது. இன்னொரு தடவை சுண்டினார். மடங்கியது. ஓ.பி. நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன் எழுந்து சுற்றிக்கொண்டு வந்தார். முழங்காலைத் தட்டினார், உள்ளங்காலில் சாவியின் முனையால் கோடு கிழித்தார், பெருவிரல் மேல்நோக்கி விரிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இவர் குடிக்கிறார்னு யாரு சொன்னது?"

பெனிஷா சீட்டை நீட்டினாள். அவர் தன் கையெழுத்தைத் தானே படித்தார்.

"நான்தான் எழுதியிருக்கேன்" என்றார் மெதுவாக. பிறகு நாகஜோதியைப் பார்த்து, "அன்னைக்கு இவரு போன்லயே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டப்ப, குடின்னு நீங்க சொன்னீங்க, நான் எழுதிட்டேன். ரெண்டு பேருமே காலைப் பார்க்கல" என்றார்.

மூன்று பேர் சார் என்று பெனிஷா மனசுக்குள் திருத்தினாள். டாக்டர் குடி என்கிற அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டார். திருப்தியில்லாமல் இன்னொரு கோடும் போட்டார். கழுத்துத் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, மதுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவசரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேனுக்கும் மதுரைக்கும் ஏற்பாடு செய்யப் போனைக் கையில் எடுத்தார். அதற்கு முன்னால் பெனிஷாவைப் பார்த்து, "நல்ல கண்ணு உனக்கு" என்றார். ஆறு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் உபரி வாக்கியம் அதுதான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாகஜோதி சீட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எது டீச்சர் குடி?" பெனிஷா அடித்த வார்த்தையைத் தொட்டுக் காட்டினாள். "இதையா அடிச்சிட்டாக?" "ஆமாக்கா. ரெண்டு கோடு." நாகஜோதி அந்த இரண்டு கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புருஷனின் செருப்பில்லாத பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தா, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. "என்னைய நாலு அறை அறைஞ்சிருக்கலாம்ல. இப்படிப் பேசாம இருந்துட்டீகளே" என்றாள். தவசி கழுத்துப்பட்டைக்குள்ளிருந்து, "விடு, விடு" என்றார்.

அடுத்து நாகஜோதி செய்த காரியம் அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பேச்சு. ஸ்கேன் எடுத்து, டாக்டர் சொன்னது அச்சு மாறாமல் சரியென்று வந்த மறுநாள், சீட்டைப் பதினோரு ஜெராக்ஸ் எடுத்தாள். மதுரைக்குப் புறப்படுவதற்குள் ஓடைப்பட்டியில் யார் யாரெல்லாம் என்னென்ன சொன்னார்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ஆளுக்கொன்று கொடுத்தாள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு அவளே வாசித்துக் காட்டினாள். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. பெனிஷா சொன்னதை மனப்பாடம் செய்திருந்தாள். ஈஸ்வரபாண்டி ஆள் நடத்துகிற தோட்டத்துக்குப் போய், பந்தலின் கல்தூணில் அவன் கண்ணுக்கு நேராக ஒரு ஜெராக்ஸை ஒட்டிவிட்டு, "ஒனக்கு அண்ணாந்து பாத்துப் பாத்துத்தாண்டா எம்புருசன் கழுத்து போச்சு. படிச்சுக்கோ" என்று சொன்னாளாம். பத்துப் பேருக்குக் கொடுத்தீர்களே, பதினோராவது ஜெராக்ஸ் யாருக்கு என்று பெனிஷா பிற்பாடு கேட்டபோது, "எனக்குத்தான். நானுந்தான சொன்னேன்" என்றாள்.

மதுரையில் ஆபரேஷன் நாலு மணி நேரம். முன்கழுத்தில் திறந்து, பிதுங்கிய வட்டை எடுத்து, தகடு வைத்துத் திருகினார்கள். இனிமேல் கெடாது, கெட்டதில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று அங்கே சொல்லியனுப்பினார்கள். மார்கழியில் தவசி மறுபடி பெனிஷாவின் அறைக்கு வந்தார். இந்தத் தடவை அவள் சீட்டை இரண்டாவதாகத்தான் படித்தாள், முதலில் ஆளைப் பார்த்தாள். இரண்டு கம்பிக்கு நடுவில் நடை. மாவு உருட்டல், சட்டைப் பொத்தான், பாசிமணி கோப்பது. பத்து நொடியில் எட்டாக இருந்த கை, தையில் பன்னிரண்டு, மாசியில் பதினைந்து. பங்குனியில் ஒருநாள் பதினெட்டு என்று அவள் எண்ணி முடித்ததும், அறையிலிருந்த முதுகுவலி, தோள்வலி, முழங்கால்வலி எல்லாம் சேர்ந்து கை தட்டின. தட்ட முடியாத தோள்வலிகள் வாயால் தட்டின.

ஒருநாள் கம்பியைப் பிடித்தபடி தவசி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அரை டம்ளர அவகிட்டச் சொல்லிட்டேன் தாயி. ஆபரேசனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப. செத்தாலும் பாரத்தோட போகக் கூடாதுல்ல."

"என்ன சொன்னாங்க அக்கா?"

"மச்சினன் காரியத்துல தான, அன்னைக்கே மோந்து பாத்துட்டேன், போயிட்டு வாங்கன்னா." சிரித்தார். "ஆத்தாளுக்கும் எனக்கும் மட்டும்னு நெனச்சேன். மூணாவதா ஒருத்தி மூக்கு இருந்திருக்கு."

சித்திரை வந்தது. தலையில் குடம் வைக்கக் கூடாது, தோளிலும் கூடாது, நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு சின்னச் செம்புதான் என்று பெனிஷா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சரி தாயி, சரி தாயி என்று தலையாட்டியிருந்தார். வீரபாண்டியில் அவள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தவசி மஞ்சள் வேட்டியில், இடுப்பளவுத் தண்ணீரில், கழுத்து வரை நிறைந்த பித்தளைக் குடத்தோடு நின்றார். அவளைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"செம்பு வீட்டுல இருக்கு டீச்சர்" என்றாள் நாகஜோதி. "நான் சொன்னேன். கேட்டாத்தான? போன வருசம் குடம் விழுந்துச்சாம், இந்த வருசம் செம்பு கொண்டு போனா ஊரு சிரிக்குமாம்."

திட்டுவதற்கு நேரமில்லை. தவசி கரையேறிவிட்டார். படிக்கட்டு முழுக்க ஈரம். நாலு பக்கமும் ஈரத் துணி, வேப்பிலை, தீச்சட்டி, குலவை, மேளம். எல்லோரும் சாமியைப் பார்க்கப் போக, பெனிஷா ஒரு ஜோடிக் காலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். குதிகால் முதலில் ஊன்றுகிறதா? ஊன்றியது. முழங்கால் மடங்குகிறதா? மடங்கியது. இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடைவெளி? ஒரு சாண் இருந்தது. கொஞ்சம் விறைப்பு பாக்கி இருந்தது, அது போகாமலே இருக்கலாம். ஆனால் பின்னவில்லை. யாரோ குறுக்கே ஓடி அவர் தோளில் இடித்தார்கள். பெனிஷாவின் உயிர் ஒருதரம் போய் வந்தது. குடம் லேசாக ஆடியது, பத்து விரலும் அதன் கழுத்தைச் சுற்றி இறுகின. தண்ணீர் விளிம்பில் தளும்பி அடங்கியது. நாகஜோதி மூன்றடி பின்னால், இரண்டு கையையும் ஏந்தியபடியே வந்தாள். விழுகிற பிள்ளையைப் பிடிக்க வருகிறவள் மாதிரி இருந்தாள், ஆனால் தொடவில்லை.

கூட்டத்தில் ஓடைப்பட்டி ஆட்கள் நிறையப் பேர் தெரிந்தார்கள். ஈஸ்வரபாண்டியும் நின்றான். தவசியைக் கண்டதும் அவன் பக்கத்திலிருந்தவர்களை முழங்கையால் ஒதுக்கி, "ஏலே, வழி விடுங்கடா, அண்ணன் வாராக" என்று கத்தினான். தவசி அவனைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நாகஜோதி மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

கம்பத்தின் முன்னால் தவசி நின்றார். குடத்தைச் சாய்த்தார். ஒரே சீராக, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார். தண்ணீர் கம்பத்தில் கட்டிய வேப்பிலைகளின் மேல் விழுந்து, மஞ்சள் கரைந்து, கீழே ஓடியது. காலியான குடத்தை நாகஜோதியிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கூப்பினார். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். தவசி குனியத் தயங்கியது பெனிஷாவுக்குத் தெரிந்தது. தோள் இறுகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடிக்காகக் காத்திருக்கிற ஆளின் முதுகு அது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் கழுத்துக்குள்ளிருந்த தகடு இடம் கொடுத்த மட்டும் தலை குனிந்தார். நெற்றியில் திருநீறு விழுந்தது.

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தார். நாகஜோதி பயந்துபோய், "என்னங்க? அடிக்குதா?" என்று தோளைத் தொட்டாள்.

"இல்லடி." தவசி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்திலிருந்து வழிந்த தண்ணீர் மஞ்சளும் வேப்பிலையுமாக அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. "தண்ணி சில்லுன்னு இருக்குடி" என்றார். பின்னால் நின்றவர்கள் நகருங்க, நகருங்க என்று நெருக்கினார்கள். அவர் நகராமல், ஓடுகிற அந்தத் தண்ணீருக்குள் கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.